மதுரையில் மியூசியம் பார்க்க வருகிறீர்களா? முதலில் கிழமையைப் பாருங்கள்

மதுரையில் அருங்காட்சியகம் பார்க்க முன்பதிவு வேண்டாம், பெரிய செலவும் கிடையாது. அப்படியும் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். கீழடியும் நாயக்கர் மகாலும் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. அரசு அருங்காட்சியகம் அருங்காட்சியகங்கள் துறையிடம், ஆயிரங்கால் மண்டபம் மீனாட்சியம்மன் கோயில் நிர்வாகத்திடம், காந்தி மியூசியம் தனி அமைப்பிடம். விடுமுறைக் கிழமையும் மதிய இடைவேளையும் செல்போன் விதியும் இடத்துக்கு இடம் மாறும். எங்கள் வீட்டுக்கு வெளியூர், வெளிநாட்டு உறவுக்காரர்கள் வந்தபடி இருப்பார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வெயிலில் அலைந்து, வாட்ச்மேனிடம் கேட்டு, கவுன்டரில் கேட்டுச் சேர்த்த விவரங்கள் இவை. புதிதாக வருகிற நீங்கள் அந்த அலைச்சல் படவேண்டாம்.

1. தேதி குறிக்கும் முன் கிழமை

செவ்வாய்க்கிழமை கீழடி விடுமுறை. வெள்ளிக்கிழமை காந்தி மியூசியமும் அதே வளாகத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகமும் விடுமுறை. அரசு அருங்காட்சியகத்துக்கு இரண்டாம் சனிக்கிழமையும் கிடையாது, அரசு விடுமுறை நாட்களும் கிடையாது. பலர் சனிக்கிழமை கிளம்பி வந்து மாட்டிக்கொள்வது இந்த இரண்டாம் சனியில்தான். காலண்டரில் மாதத்தின் முதல் சனி எது என்று பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

டெல்லி, மும்பைப் பக்கம் இருந்து வருகிறவர்கள் ‘திங்கட்கிழமை மியூசியம் எல்லாம் லீவாக இருக்குமே’ என்று அந்த நாளைத் தவிர்த்துவிடுகிறார்கள். மதுரையில் திங்கட்கிழமைதான் நல்ல நாள். எல்லாம் திறந்திருக்கும், கூட்டமும் குறைவு. புதன், வியாழன் அதற்கு அடுத்தபடி. ஞாயிறு திறந்திருந்தாலும் கீழடியில் சுற்றுலா வேன்கள் வரிசைகட்டி நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்கு முன் நாலு பேர் தலைக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

திருவிழாக் கணக்கும் பார்க்கவேண்டும். சித்திரைத் திருவிழா ஏப்ரல், மே வாக்கில் வரும். தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் வண்டி நுழையாது. அழகர் எதிர்சேவை, ஆற்றில் இறங்குவது ஆகிய நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் நகரவே முடியாது. காந்தி மியூசியம் அந்தப் பக்கம்தான். திருவிழா பார்க்க வந்தால் திருவிழாவை மட்டும் பாருங்கள், மியூசியத்தை அதோடு சேர்க்காதீர்கள். தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சியோ புத்தகத் திருவிழாவோ நடந்தால் அந்த மாலைகளிலும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

2. ஒரே நாளா, இரண்டு நாளா?

இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரே நாளில் கோயில், மகால், காந்தி மியூசியம், கீழடி நான்கையும் முடிக்கலாம் என்று சொல்லும் வண்டிக்காரர்கள் உண்டு. முடிக்கலாம்தான், எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மதுரையில் நேரத்தை வெட்டுவது மதியம். மீனாட்சியம்மன் கோயில் நடை பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். காந்தி மியூசியம் காலை 10 முதல் 1, பிறகு 2 முதல் 5.45. மகால் காலை 9 முதல் மாலை 5, நடுவில் சாப்பாட்டுக்குச் சிறிது நேரம் டிக்கெட் கொடுக்க மாட்டார்கள். கீழடி மட்டும் காலை 10 முதல் மாலை 6 வரை மதியம் சாத்தாமல் திறந்திருக்கும். சனி, ஞாயிறில் 7 மணி வரை.

இதை வைத்து நான் எல்லோருக்கும் சொல்லும் வரிசை இது. முதல் நாள் காலை கோயில், தரிசனம் முடித்து ஆயிரங்கால் மண்டபம். அங்கிருந்து மகால். சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு மூன்று மணிக்குமேல் காந்தி மியூசியம். இரண்டாம் நாள் முழுக் காலையும் கீழடிக்கு. அப்படிப் போனால் எந்த நடைசாத்தலிலும் மாட்ட மாட்டீர்கள். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காலை கீழடி, மாலை கோயில், அவ்வளவுதான். மகாலையும் காந்தி மியூசியத்தையும் அடுத்த முறைக்கு விட்டுவிடுங்கள்.

இங்கே எந்த இடத்திலும் மராமத்து வேலை என்று சில கூடங்களைச் சாத்தி வைப்பது உண்டு. மகாலும் காந்தி மியூசியமும் பழைய கட்டடங்கள், வேலை வந்துகொண்டேதான் இருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மேலவெளி வீதியில் இருக்கும் சுற்றுலா அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

3. கையில் இருக்கவேண்டிய தாள்கள்

உள்ளூர்க் குடும்பம் என்றால் எந்த ஆவணமும் தேவைப்படாது. கீழ்க்கண்டவர்களுக்குத்தான் தேவை.

மாணவர்கள்: கட்டணச் சலுகைக்குப் பள்ளி, கல்லூரி அடையாள அட்டை. அட்டை இல்லாமல் ‘காலேஜ்தான் படிக்கிறேன்’ என்று கவுன்டரில் வாதாடிப் பயனில்லை.

பள்ளிக் குழு: தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம், லெட்டர்பேடில். மாணவர் எண்ணிக்கை, உடன்வரும் ஆசிரியர் எண்ணிக்கை, வரும் தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கவேண்டும். இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கீழடிக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போவது நல்லது. ஒரே நேரத்தில் மூன்று பள்ளி வந்து இறங்கினால் சிறு அரங்கில் படம் பார்க்கவே வெகுநேரம் காத்திருக்க நேரும்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்கள்: இங்கேதான் நிறையக் குழப்பம். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இந்தியர் கட்டணம்தான். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, கனடா என்று அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு, தமிழ் பேசினாலும் பூர்வீகம் இங்கேயே இருந்தாலும், வெளிநாட்டவர் கட்டணம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தால் நினைவுச்சின்னங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் இந்தியர் கட்டணமே என்று 2021 மார்ச்சில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆகவே ஓசிஐ அட்டையை ஓட்டல் பெட்டியில் வைத்துவிட்டு வராதீர்கள், பையில் அசல் இருக்கட்டும். டிக்கெட் கேட்கும்போதே அட்டையை நீட்டிவிடுங்கள். டிக்கெட் கிழித்த பிறகு மாற்றித் தரச் சொன்னால் கணக்கு உதைக்கும், அவர்களும் சங்கடப்படுவார்கள்.

கல்யாண ஆல்பத்துக்கோ சேனலுக்கோ படம் எடுப்பவர்கள்: கேமரா டிக்கெட் மட்டும் போதாது. மகாலில் அப்படிப்பட்ட படப்பிடிப்புக்குத் தொல்லியல் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி முன்பே வாங்கியிருக்கவேண்டும். பட்டுப்புடவையோடு வந்து நின்று திரும்பிப் போகும் ஜோடிகளை இன்றும் பார்க்கலாம்.

4. கீழடி: அவசரப்படாமல் பாருங்கள்

முதல் பொறி, மேப்பில். வெறும் ‘கீழடி’ என்று போட்டால் ஊருக்கோ, தோண்டிய இடத்துக்கோ கொண்டுபோய் விட்டுவிடும். அருங்காட்சியகம் இருப்பது பக்கத்துக் கொந்தகையில். ‘கீழடி அருங்காட்சியகம்’ என்று முழுதாகப் போடுங்கள். மாவட்டமும் மதுரை கிடையாது, சிவகங்கை. ஆனால் மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

பஸ்ஸில் போவதென்றால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் பக்கம் போகும் வண்டிகளைப் பாருங்கள். எல்லா வண்டியும் கீழடி விலக்கில் நிற்காது. ஏறும்போதே ‘அண்ணே, கீழடி விலக்குல நிக்குமா?’ என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். இல்லையென்றால் திருப்புவனத்தில் இறங்கித் திரும்பி வரவேண்டும். விலக்கிலிருந்து உள்ளே போக ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். சிலைமான், திருப்புவனம் பக்கம் போகும் சாதாரண நகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

செயலியில் கார் பிடித்துப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போவதற்கு வண்டி கிடைத்துவிடும். திரும்புவதற்கு அந்தக் கிராமத்திலிருந்து பிடிப்பது சிரமம். ஆட்டோவோ காரோ, போகவும் வரவும் சேர்த்து, காத்திருப்பு மூன்று மணி நேரம் என்று தெளிவாகப் பேசிக்கொண்டு ஏறுங்கள். ‘ஒரு மணி நேரம் போதும்ங்க, அங்க என்ன இருக்கு’ என்று டிரைவர் சொல்வார். போதாது.

2023 மார்ச் 5 அன்று திறந்த அருங்காட்சியகம் இது. கட்டணம் பெரியவருக்கு 15 ரூபாய், சிறுவருக்கு 10, மாணவருக்கு 5, வெளிநாட்டவருக்கு 50, கேமராவுக்கு 30 என்று வைத்தார்கள். கொஞ்சம் கூடியிருந்தாலும் உங்கள் பட்ஜெட்டைப் பாதிக்காது. சில்லறை கொண்டுபோங்கள். செல்போனில் பணம் அனுப்பலாம் என்று நம்பிப் போய், சிக்னல் கிடைக்காமல் வரிசையை நிறுத்தி வைக்கவேண்டாம்.

செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியிருக்கிறார்கள். முற்றம், தூண், ஓட்டுக்கூரை, தனித்தனிக் கட்டடங்கள். முதலில் சிறு அரங்கில் ஓடும் படத்தைப் பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் கூடங்களுக்குள் போனால் பானை ஓடும் பாசிமணியும்தான் கண்ணில் படும். எது எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, அதனால் என்ன தெரிகிறது என்ற கணக்கு பிடிபடாது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டைச் சோதித்ததில் கி.மு. 580 என்று காலம் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால், அதே மண்ணடுக்கில் கிடைத்த ஒரு சின்னத் துண்டையும் வேறு மாதிரிப் பார்ப்பீர்கள்.

ஆறு கூடங்கள். மதுரையும் கீழடியும், வேளாண்மையும் நீர் மேலாண்மையும், கலம் வனைதல், ஆடையும் அணிகலன்களும், கடல்வழி வணிகம், வாழ்வியல். எல்லாவற்றிலும் ஒரே அளவு நேரம் செலவிடாதீர்கள். கூட்டம் முதல் கூடத்திலேயே அடைத்துக்கொண்டு நிற்கும். நீங்கள் நேராகக் கலம் வனைதல் பக்கம் போய்விட்டு, கூட்டம் நகர்ந்த பிறகு திரும்பி வரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

நின்று பார்க்கவேண்டியவை என்று நான் காட்டுவது மூன்று. ஒன்று, எழுத்துக் கீறிய பானை ஓடுகள். பானையின் தோள்பகுதியில், கறுப்பும் சிவப்புமான ஓட்டின் மேல், மெல்லிய கோடுகளாக ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று பேர்கள். நேராக நின்று பார்த்தால் கண்ணாடியில் விளக்கு அடிக்கும், எழுத்து தெரியாது. குனிந்து கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பாருங்கள், கீறல் மேலெழும்பித் தெரியும். ஓட்டுக்கு ஓடு கையெழுத்து மாறுவதும் தெரியும். யாரோ ஒருவர் எல்லாப் பானைக்கும் எழுதிக் கொடுக்கவில்லை, அவரவர் பானையில் அவரவர் எழுதியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வது அங்கே நின்றால் புரியும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு வராது.

இரண்டு, சில்லு. உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கியது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பாண்டி ஆட எடுப்பார்களே, அதேதான். பக்கத்திலேயே தந்தப் பகடையும் ஆட்டக்காய்களும் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இங்கே விட்டுவிடுங்கள். சோழி, தாயம், பாண்டி என்று அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

மூன்று, கடல்வழி வணிகக் கூடம். மதுரைக்குக் கடல் கிடையாது. ஆனால் வைகை கிழக்கே ஓடிச் சேரும் கடற்கரையில் அழகன்குளம் இருக்கிறது. ரோமாபுரி மட்பாண்ட வகைகளும், வடக்கிலிருந்து வந்த சூதுபவளமும் இந்த ஆற்றுக் கரைக்கு எப்படி வந்தன என்று புரிந்துகொள்ள, அங்கே மாட்டியிருக்கும் வரைபடத்துக்கு முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

தோண்டிய குழிகளையும் பார்க்க ஆசைப்படுவீர்கள். பார்க்கத்தான் வேண்டும். அது அருங்காட்சியகத்திலிருந்து தள்ளி, கீழடியில் தென்னந்தோப்புப் பக்கம் இருக்கிறது. அகழாய்வு முடிந்த குழிகளைப் பெரும்பாலும் மண் போட்டு மூடிவிடுவார்கள், இதுதான் உலகம் முழுக்க முறை. என்ன திறந்திருக்கிறது என்று மியூசியத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். வெளியே நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் அவசியம். சாப்பாட்டை நம்பி அங்கே போகாதீர்கள். காலையில் மதுரையில் நன்றாகச் சாப்பிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் மெயின்ரோட்டுக்கு வந்துதான் ஓட்டல் தேடவேண்டும்.

5. காந்தி மியூசியமும் அரசு அருங்காட்சியகமும்

இரண்டும் ஒரே வளாகம், தமுக்கத்தை ஒட்டி. ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனைதான் காந்தி மியூசியம். கோரிப்பாளையம், தல்லாகுளம் வழியாக மாட்டுத்தாவணி போகும் டவுன் பஸ்களில் வரலாம். காலை, மாலை அலுவலக நேரத்தில் கோரிப்பாளையம் சந்திப்பு நெரிசலுக்குக் கூடுதலாக அரைமணி வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தி மியூசியத்தில் நுழைவு இலவசம், கேமராவுக்குத்தான் கட்டணம். விடுதலைப் போராட்டப் படங்களும் விளக்கங்களும் வரிசையாக வரும், 265 படங்கள். எல்லாவற்றையும் வாசிக்க முயன்றால் பாதியிலேயே களைத்துப்போவீர்கள், கடைசி அறைக்குத் தெம்பு இருக்காது. அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் வந்திருக்கிறீர்கள். 1948 ஜனவரி 30 அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தம் தோய்ந்த துணி கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. படங்களை வேகமாகக் கடந்து, இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் உள்ளே போகும் முன்பே என்ன பார்க்கப்போகிறோம் என்று சொல்லிவிடுவது நல்லது. இந்த அறையில் செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது, தயவுசெய்து எடுக்காதீர்கள்.

இதோடு சேர்த்து மேலமாசி வீதிக்கும் ஒரு நடை போய்வாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையும் தொப்பியும் விட்டு அரைவேட்டிக்கு மாறியது அங்கே ஒரு வீட்டு மாடியில். கீழே கதர்க்கடை, மாடியில் நினைவிடம். கடை நேரத்தில் போனால்தான் மேலே போகமுடியும்.

அரசு அருங்காட்சியகம் அதே வளாகத்தில், 1981இல் வந்தது. சிறியது. கற்சிலைகள், செப்புத்திருமேனிகள், இயற்கை வரலாற்றுப் பொருட்கள். முக்கால் மணி நேரம் போதும். இதுவரை வந்தவர்கள் பலர் இது தனி மியூசியம் என்று தெரியாமலேயே காந்தி மியூசியத்தோடு திரும்பிவிடுகிறார்கள். வளாகத்துக்குள் பெயர்ப்பலகை பார்த்து நடங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் டாக்டர் தங்கராஜ் சாலையில் உலகத் தமிழ்ச் சங்கத்தில் பழந்தமிழர் வாழ்வியல் காட்சிக்கூடம் இருக்கிறது. சங்க இலக்கியக் காட்சிகளை ஓவியமாகவும் சிற்பமாகவும் வைத்திருக்கிறார்கள். ஓவியம், கலைக்கூடம் என்று தேடுகிறவர்களுக்கு மதுரையில் இது ஒரு நல்ல இடம். கூட்டமே இருக்காது.

6. திருமலை நாயக்கர் மகால்

கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம், விளக்குத்தூண் வழியாக. வழியில் பத்துத்தூண் சந்தில் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்கும் தூண்களையும் பார்த்துக்கொண்டு போங்கள். பழைய அரண்மனை எவ்வளவு பரந்து கிடந்தது என்று அப்போதுதான் பிடிபடும். வெயிலில் போனால் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிட்டு நடக்கலாம்.

மகாலைப் பொறுத்தவரை தவறவிடக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. எல்லோரும் சொர்க்கவிலாசம் என்ற பெரிய மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, இரண்டு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே நாடகசாலைப் பகுதியில் தொல்லியல் துறையின் காட்சிக்கூடம் இருக்கிறது. கல்வெட்டுகள், நடுகற்கள், சிற்பங்கள், பழைய கற்கருவிகள். அதே டிக்கெட்தான், தனிக் காசு இல்லை. வலப்பக்கம், இடப்பக்கம் என்று தேடாமல் காவலரிடம் ‘நாடகசாலை எந்தப் பக்கம்?’ என்று கேளுங்கள்.

மாலை ஒலி-ஒளிக் காட்சிக்குத் தனி டிக்கெட். வழக்கமாக முதல் காட்சி ஆங்கிலத்தில், இரண்டாவது தமிழில். மழையிலும் மராமத்து நேரத்திலும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே பகலில் மகால் டிக்கெட் வாங்கும்போதே இன்றைக்குக் காட்சி உண்டா என்று கேட்டுக்கொண்டு, அப்புறம் மாலைக்குத் திட்டம் போடுங்கள்.

தூண்களில் பேர் கிறுக்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். சுண்ணாம்புப் பூச்சு அது, ஒருமுறை கீறினால் பழையபடி ஆக்குவது அவ்வளவு லேசில்லை. உங்களோடு வரும் பையன்கள் கையில் சாவியோ நாணயமோ வைத்து விளையாடுவதைக் கண்டால் உடனே தடுங்கள்.

7. ஆயிரங்கால் மண்டபம்

கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, 2018 முதல் இதுதான் விதி. கேமராவும் கூடாது. வாசலில் ஒப்படைக்கும் இடம் இருக்கிறது. எந்த வாசலில் கொடுத்தீர்களோ அதே வாசலுக்குத்தான் திரும்பி வரவேண்டும். நான்கு பக்கமும் கோபுரம் ஒன்றுபோலத் தெரியும், புதிதாக வருகிறவர்கள் தெற்கில் கொடுத்துவிட்டு மேற்கில் தேடுவார்கள். டோக்கன் வாங்கியதும் வாசலின் திசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் போனையும் பையையும் விடுதியிலேயே வைத்துவிட்டு வருவது இன்னும் நிம்மதி. குழுவாக வந்தால் உள்ளே பிரிந்துபோனவரைக் கூப்பிட போன் இருக்காது, ‘பொற்றாமரைக் குளத்துப் படியில் சந்திப்போம்’ என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் கண்டிப்பு உண்டு. அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை ஆகாது. ஆண்களுக்கு வேட்டியோ பேன்ட்டோ, பெண்களுக்குப் புடவை, சுடிதார்.

மண்டபத்துக்குத் தனியாகச் சிறு கட்டணம். நடை திறந்தவுடனே இங்கே டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட மாட்டார்கள், தரிசனம் முடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். வேறு மத நண்பர்களோ வெளிநாட்டு நண்பர்களோ கூட வந்தால் அவர்கள் கொடிமரம் தாண்டி சன்னதிக்குப் போகமுடியாது. ஆனால் இந்த மண்டபத்துக்கு வரலாம். இதை அவர்களிடம் வெளியிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே போய் ஒருவரை நிறுத்தினால் எல்லோருக்கும் வருத்தம்.

உள்ளே 985 தூண்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நேர்வரிசையாகத் தெரியும். சிற்பம் பார்க்கத் தெரியாதே என்று தயங்கவேண்டாம். ரதி, குறத்தி, பேடி உருவில் அர்ச்சுனன் என்று ஏதாவது இரண்டு மூன்று தூணை மட்டும் எடுத்துக்கொண்டு விரல்நகம், காதணி, துணி மடிப்பு என்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். வழிகாட்டி வைத்துக்கொள்வதென்றால் சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், தொகையையும் முன்பே பேசிவிடுங்கள். ‘பார்த்துக் கொடுங்க சார்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கடைசியில் பிணக்கு வரும்.

8. செலவு எவ்வளவு ஆகும்?

நான்கு பேர் குடும்பத்துக்கு எல்லா இடங்களின் நுழைவுக் கட்டணமும் கேமராவும் சேர்த்து இருநூறு, முந்நூறு ரூபாய் கையில் வைத்துக்கொண்டால் போதும். பணம் போவது வண்டிக்குத்தான், அதிலும் கீழடி வண்டிக்கு. கோயில், மகால், விளக்குத்தூண், மேலமாசி வீதி எல்லாம் கால்நடையாகவே முடியும். நகரத்துக்குள் கார் எடுக்காதீர்கள், மாசி வீதிகளில் நிறுத்த இடம் தேடியே அரைநாள் போய்விடும். காரை கீழடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் மாற்றி வைத்திருங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி 15 ரூபாய் டிக்கெட் கேட்டால் சில்லறைக்கு நிற்கவேண்டிவரும்.

9. பிள்ளைகள், வயதானவர்கள்

பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மியூசியம் போதும். நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள். படம் எடுப்பதைவிட வரையும்போது உற்றுப் பார்ப்பார்கள். பள்ளித் திட்டப்பணிக்கு வருகிறவர்கள் மே 18 உலக அருங்காட்சியக தினம், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் ஆகியவற்றை ஒட்டி விசாரியுங்கள். சிறப்புக் கண்காட்சி, போட்டி என்று ஏதாவது இருக்கும்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் கோயிலில் சூடான கல்தரை பெரிய சிரமம். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை ஐந்துக்குமேல். மகாலில் படி ஏறவேண்டும். கீழடியில் கட்டடத்துக்குக் கட்டடம் நடப்பதோடு மாடியும் உண்டு. அப்பத்தா, தாத்தாவை அழைத்துப் போனால் முதலில் சிறு அரங்கில் உட்காரவைத்து, பிறகு தரைத்தளக் கூடங்களை மட்டும் காட்டிவிட்டு முற்றத்தில் இளைப்பாறச் சொல்லலாம்.

10. இன்னும் ஒரு நாள் மிச்சமிருந்தால்

கிழக்கே கடற்கரைப் பக்கம் போகலாம். ராமநாதபுரத்தில் சேதுபதிகளின் ராமலிங்க விலாசம். சுவர் முழுக்க ஓவியங்கள், போர்க்காட்சி, ராமாயணம், அரசவைக்கு வந்த ஐரோப்பியர்கள் என்று. மதுரை வட்டாரத்தில் ஓவியத்துக்காக மட்டும் ஒரு பயணம் போவதென்றால் நான் அனுப்புவது இங்கேதான். சுவருக்கு மிக அருகே போய்க் கைவைக்கவேண்டாம், வண்ணம் உதிரும். அப்படியே ராமேசுவரம் போனால் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

வடகிழக்கே புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம், 1910இல் தொடங்கியது, மதுரையில் இருப்பதைவிடப் பெரியது. அதற்கும் அதே வெள்ளிக்கிழமை, இரண்டாம் சனி விதிதான். காலை ஏழு மணிக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் திறக்கும் நேரத்தை ஒட்டிப் போய்விடலாம், இருட்டுவதற்குள் மதுரை திரும்பிவிடலாம்.